சத்தத்தைக் கூட்ட வேண்டாம் தம்பிமாரே, எழுதிக் காட்டுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் விளையாட்டுக் கழகங்களுக்கும், சுற்றுப்போட்டிகளை நடத்தும் குழுக்களுக்கும், மைக் பிடிக்கும் அறிவிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் நான் செய்த ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஓர் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. எந்த மைதானம், எந்தக் கழகம் என்று எழுதப் போவதில்லை. இரண்டு அணிகளும் நடுவில் வந்து வரிசையாக நின்றன. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். சனம் எழும்பியது, நானும் எழும்பினேன். அணிகளை அறிமுகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்திப் பலமாகத் தட்டினேன். ஐந்தாறு தட்டுத் தட்டிய பிறகுதான் சுற்றியிருந்த அத்தனை பேரும் தலை குனிந்து நிற்பதைக் கண்டேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி என்னை முறைத்தார். மௌன அஞ்சலி.

யாருக்கு என்று பக்கத்தில் கேட்க வெட்கமாக இருந்தது. இரவு வீட்டுக்கு வந்த பிறகு மகள் முகநூலில் தேடிப் பார்த்துச் சொன்னாள். எங்கள் காலத்தில் ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து வலது ஓரத்தால் ஓடியவர். நான் இடது பின்வரிசை. பத்து வருடம் அந்த மனிதனைத் துரத்தியிருக்கிறேன், இரண்டு தடவை மட்டும் பந்தைப் பறித்திருக்கிறேன். அவருக்கு நான் செலுத்திய அஞ்சலி கைதட்டல். அவர் கண்டிருந்தால் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குப் பலகையொன்றில் அவருடைய பெயரை எழுதி மைதானத்தின் ஓரத்தில் வைத்திருந்தால் போதும், நான் முதல் ஆளாகத் தலை குனிந்திருப்பேன். இந்த மடலில் நான் கேட்கப் போவது பெரும்பாலும் அந்தப் பலகையைத்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். களுவாஞ்சிக்குடி என் ஊர். அதனால் வடக்கே மட்டக்களப்பு வெபர் மைதானமும் எனக்குப் பக்கம், தெற்கே கல்முனைச் சந்தாங்கேணி மைதானமும் பக்கம். எங்கே கிண்ணம் நடந்தாலும் போய்விடுவேன். 26 வருடம் நெல் ஆலையில் வேலை செய்தேன். கீழே அரைக்கும் இயந்திரம், மேலே வார்ப்பட்டி, நடுவில் நான். அந்த இரைச்சலுக்குக் காதில் ஏதாவது போட வேண்டும் என்று எனக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதையும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்பதையும் காது போன பிறகுதான் படித்தேன். உள்காதில் மயிரைப் போல நிற்கும் நுண்ணிய கலங்கள் ஒரு தடவை செத்தால் செத்ததுதான், தலைமயிரைப் போலத் திரும்ப முளைக்காது. என் காது மட்டும் என்றில்லை. எங்கள் பக்கத்தில் ஆலையில் போன காதுகளும் உண்டு, எறிகணை விழுந்து போன காதுகளும் உண்டு. அந்தக் கதைகளை இங்கே எடுத்தால் மடல் முடியாது.

உங்களில் பலருக்கு விளங்காத ஒரு விஷயத்தை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எனக்குச் சத்தம் கேட்கும். சொல்தான் கேட்காது.

காது பரிசோதிக்கும்போது ஒரு வரைபடம் தருவார்கள். என்னுடையதில் கோடு இடது பக்கம் ஓரளவு நேராக வந்து, 4000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் கிணற்றுக்குள் விழுந்த வாளி போலச் சடாரென்று இறங்குகிறது. இரைச்சலில் கெட்ட காதுகளுக்கு இதுதான் அடையாளம். தாழ்ந்த ஒலி வரும், உயர்ந்த ஒலி வராது. பேச்சில் ஆ, ஈ, ஊ எல்லாம் தாழ்ந்த பக்கம். ச, த, ட, க மாதிரி வல்லினத்தில் பாதி உயர்ந்த பக்கம். தமிழில் சொல்வதானால் எனக்கு உயிர் கேட்கும், மெய் கேட்காது. அறிவிப்பாளர் "பதினாறாம் இலக்க வீரர்" என்றாரா, "பதினாலாம் இலக்க வீரர்" என்றாரா? எனக்கு இரண்டும் ஒன்றுதான். நல்ல காது உள்ளவருக்கே அந்தக் கூட்டத்துக்குள் சந்தேகம் வரும்.

இந்த நிலையில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் என்ன நடக்கும்? எனக்குக் கேட்கிற உயிரெழுத்துத்தான் இன்னும் பெரிதாகக் கேட்கும். வராத மெய்யெழுத்து அப்போதும் வராது. காது மெஷின் போட்டால் சரியாகாதா என்று கேட்பீர்கள். வீட்டில், இரண்டு பேர் பேசும் இடத்தில், அது நல்ல உதவி. மைதானத்தில் அது சனத்தின் கூச்சலையும், பப்பரே இசைக்காரரின் எக்காளத்தையும், அறிவிப்பையும் ஒரே அளவில் தூக்கிக் காதுக்குள் கொட்டும். ஒரு கோல் விழுந்தால் நான் முதலில் செய்யும் காரியம் மெஷினை நிறுத்துவதுதான். எல்லோரும் துள்ளும் அந்த நிமிடத்தில் நான் காதுக்குப் பின்னால் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பேன்.

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். சொல்லும்போதெல்லாம் குற்றம் செவிடன் மேலேயே விழுகிறது. கேட்காது என்று தெரிந்தும் சங்கையே திரும்பத் திரும்ப ஊதுகிறவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். விளையாட்டே ஒரு காலமும் காதை முழுக்க நம்பியதில்லை. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் நேரம் எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். 100 மீட்டர் ஓட்டத்தில் நாங்கள் முடிவுக் கோட்டில் நிற்போம், துப்பாக்கி தொடக்கக் கோட்டில் வெடிக்கும். வெடிச் சத்தத்தைக் கேட்டு நிறுத்தற்கடிகாரத்தை அமர்த்தக்கூடாது, புகையைப் பார்த்து அமர்த்த வேண்டும். ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். அது 100 மீட்டரைக் கடந்து எங்களிடம் வந்து சேர வினாடியில் பத்தில் மூன்று பங்கு ஆகிவிடும். அந்த நேரத்துக்குள் நல்ல ஓட்டக்காரப் பிள்ளை இரண்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதனால் காதைக் கேட்காதே, கண்ணைக் கேள் என்று நேரக்கணிப்பாளருக்குச் சொல்லித் தருகிறார்கள். காது மந்தமான நான் அந்த வேலையில் ஒரு பிழையும் விட்டதில்லை.

உதைபந்தாட்டத்தின் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் எப்படி வந்தன என்று தெரியுமா? 1966 உலகக் கிண்ணக் காலிறுதியில் இங்கிலாந்தும் ஆர்ஜென்டீனாவும் மோதின. மத்தியஸ்தர் ஜேர்மன்காரர். ஆர்ஜென்டீனாத் தலைவர் ரட்டினை வெளியே போ என்றார். இவர் சொன்ன மொழி அவருக்கு விளங்கவில்லை, அவர் போகவும் இல்லை, ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றுபோனது. அதற்குப் பிறகு இங்கிலாந்து மத்தியஸ்தர் கென் ஆஸ்டன் வீதியில் சமிக்ஞை விளக்குக்கு முன்னால் காரை நிறுத்தியிருந்தபோது இந்த யோசனை வந்தது. 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் வந்தன. வாயால் சொன்னது போய்ச் சேரவில்லை, அதனால் கையால் காட்டினார்கள். அது யாருக்கும் சலுகையாகத் தெரியவில்லை.

கிரிக்கெட்டில் நடுவர் கையால் காட்டுவார், கணக்கெழுதுபவர் பதில் சைகை காட்டிய பிறகுதான் அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகும். பொத்துவில் அறுகம்குடாவுக்குப் போய் அலைச்சறுக்குப் போட்டியைப் பாருங்கள். கடலின் இரைச்சலில் எல்லோருமே செவிடு. அதனால் ஊதுகுழலோடு நிறமும் காட்டுவார்கள்: சுற்று நடக்கும்போது பச்சை, கடைசி ஐந்து நிமிடத்துக்கு மஞ்சள். நல்ல காதுள்ள வீரனுக்குச் செய்கிற ஏற்பாட்டைக் கரையில் இருக்கும் கெட்ட காதுள்ள ரசிகனுக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

களத்துக்குள் நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. களத்துக்கு வெளியே சொல்லப்படுவதெல்லாம் காதுக்கு மட்டும்தான். கோல் அடித்தவர் யார், மாற்று வீரராக வந்தவர் யார், மேலதிக நேரம் எத்தனை நிமிடம், மழையால் ஓவரை எத்தனையாகக் குறைத்தார்கள், அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு, காணாமல் போன பிள்ளை எங்கே நிற்கிறது. இத்தனையும் மைக்கில் போய்க் காற்றோடு கரைந்துவிடுகின்றன. ஒரு மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டியில் அரையிறுதியை மறுநாளைக்குத் தள்ளிவைத்ததாக அறிவித்திருக்கிறார்கள். நான் மழை விட்டால் தொடங்கும் என்று குடையோடு முக்கால் மணித்தியாலம் இருந்தேன். கடைசியில் கச்சான் வண்டிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கையை ஆட்டி "இல்லை, இல்லை" என்று காட்டினார். ஒன்று கவனித்திருக்கிறீர்களா? மைதானத்தில் கச்சான் விற்பவர் விலையைக் கத்திச் சொல்வதில்லை, விரலால் காட்டுவார். இரைச்சலுக்குள் வியாபாரம் செய்து பழகியவருக்கு அது தெரிந்திருக்கிறது.

சந்தாங்கேணியில் ஒரு தடவை முன்பின் தெரியாத ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன் ஒருவர், பக்கத்தில் இருந்தார். காதுக்குப் பின்னால் மெஷினைக் கண்டிருக்க வேண்டும். கோல் விழுந்ததும் என் தோளைத் தட்டி, ஒரு கையால் ஒன்று, மறு கையால் ஐந்து என்று காட்டினார். பதினைந்தாம் இலக்கம்! அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை ஒன்றையும் விடவில்லை. மாற்று வீரர், மேலதிக நேரம், யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் வழியை மறித்து நிற்கிறது என்ற அறிவிப்பு வரைக்கும் விரலாலும் போனில் எழுதியும் சொன்னார். வருடக்கணக்கில் போட்டி பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் முழுப் போட்டி பார்த்தேன். ஆனால் எல்லா நாளும் அந்தக் காக்கா பக்கத்தில் இருக்க மாட்டார் அல்லவா?

சரி, பலகைக்கு வருகிறேன்.

எட்டடி நீளம், நாலடி உயரம் உள்ள பிளைவூட் பலகை ஒன்று. கறுப்புப் பெயின்ற். அணிகளின் பெயர், கோல் கணக்கு, கோல் அடித்தவரின் இலக்கம், அதற்குக் கீழே ஒரு வரி "அறிவிப்பு". எழுத்து ஓரடி உயரம் இருக்க வேண்டும். எங்கள் ஊர் மைதானத்தில் ஓர் அட்டையில் எழுதி எதிர்ப்பக்கக் கோல் கம்பத்தில் கட்டிவிட்டு இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், தெளிவாக வாசிக்கலாம். வெண்கட்டியோடு ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். பலகை சூரியனுக்கு எதிரே பளபளக்காத இடமாகப் பாருங்கள். மேலதிக நேரத்துக்கும் மாற்று வீரருக்கும் நான்காவது நடுவர் தூக்கிக் காட்டும் மின்பலகை எங்கள் கழகங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றால், இலக்கம் எழுதிய அட்டைகளைக் கம்பில் கட்டித் தூக்குங்கள்.

வசதி உள்ள குழுக்களிடம் வேறு கதை. இப்போது பெரிய இறுதிப் போட்டிகளுக்கெல்லாம் எல்ஈடி திரை வாடகைக்கு வருகிறது. கோயில் திருவிழாவுக்கு வரும் அதே திரை. அதில் என்ன ஓடுகிறது? அனுசரணையாளரின் கடை விளம்பரம். பிரதம அதிதியின் சிரித்த முகம். விசேட அதிதியின் சிரித்த முகம். கௌரவ அதிதியின் சிரித்த முகம். கோல் கணக்கு மட்டும் ஓடுவதில்லை. அதிதிகள் கோபிக்க வேண்டாம். உங்கள் முகத்தை நேரிலேயே பார்க்கிறோம், முதல் வரிசையில் பெரிய கதிரையில்தான் இருக்கிறீர்கள். திரையின் அடிப்பக்கத்தில் இரண்டு வரியை எங்களுக்கு விட்டுத்தாருங்கள்.

அறிவிப்பாளர் தம்பிமாருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தொழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. காது நன்றாக இருந்த காலத்தில் ஆட்டத்தைவிட அறிவிப்பைக் கேட்கவே சில போட்டிகளுக்குப் போயிருக்கிறேன். பந்து காலில் படும் முன்னே அடுக்குமொழி வாயில் வந்துவிடும், நடுவில் ஒரு நக்கல், ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு ஒரு குட்டு. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் செய்தியையும் அடுக்குமொழியையும் ஒரே மூச்சில் கலக்க வேண்டாம். முதலில் செய்தி, மெதுவாக: "கோல். இலக்கம் ஒன்று ஆறு. பதினாறு." ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் கவிதையைப் பாடுங்கள். நீங்கள் பேசும்போது கீழே பாட்டு ஓட வேண்டாம். மைக்கை ஒருவர் பிடித்திருக்கும்போது மற்றவர் பின்னாலிருந்து குரல் கொடுக்க வேண்டாம்.

சவுண்ட்ஸ்காரர்களும் இதைக் கேட்க வேண்டும். நாலு மூலையிலும் நாலு கூம்பைக் கட்டி நாலையும் உச்சத்தில் வைப்பதுதான் நல்ல ஒலி என்று ஓர் எண்ணம் இருக்கிறது. மேலே துப்பாக்கிக்குச் சொன்ன அதே கணக்கு இங்கும் பொருந்தும். பக்கத்துக் கூம்பின் சொல் உடனே காதுக்கு வருகிறது. நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள கூம்பின் அதே சொல் பத்தில் மூன்று வினாடி பிந்தி வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்காருகிறது. இரண்டும் சேர்ந்தால் குழம்பு. சின்னப் பெட்டிகளாகச் சனத்துக்குப் பக்கத்தில், அந்தந்தப் பக்கத்துக்குக் கேட்கும் அளவில் வைத்தால் எல்லோருக்கும் தெளிவாக இருக்கும். எனக்கும் பாதிச் சொல்லாவது பிடிபடும்.

கூம்புக்கு முன்னால் பிள்ளைகளை இருக்கவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெருஞ்சத்தம் உள்ள நிகழ்ச்சிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஓர் எல்லை வகுத்தது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. போனில் அளக்கலாம், ஓரளவுக்குச் சரியாகக் காட்டும். வெற்றி ஊர்வலத்தில் வெடி கொளுத்தும் பொடியன்மாரே, உலகத்தில் இப்போதே 43 கோடிப் பேருக்கு மேல் கேள்விக் குறைபாட்டுக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் என்று அதே நிறுவனம் சொல்கிறது. எங்கள் சங்கத்துக்குப் புதிய அங்கத்தவர்கள் தேவையில்லை.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கிக் காட்டும் செயலி தமிழிலும் இருக்கிறது. வீட்டில் நான் அதை வைத்துத்தான் பேரப்பிள்ளைகளோடு பேசுகிறேன், அவர்கள் சொல்லாததையும் சில நேரம் எழுதும். ஆனால் மைதானத்தில், தூரத்துக் கூம்பில் வரும் குரலை அதனால் பிடிக்க முடியாது. அதைவிடச் சுலபமான வழி, அறிவிப்பாளருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை இருத்தி, முக்கிய அறிவிப்புகளைச் சுருக்கமாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்வது. "45ஆவது நிமிடம், கோல், இலக்கம் 16, கணக்கு 1–0." இவ்வளவு போதும். குழுவில் சேரும் குறியீட்டை நுழைவாயிலில் ஒட்டுங்கள். இது எங்களுக்கு மட்டும் உதவாது. கட்டார், சவூதி என்று போய் இருக்கும் பிள்ளைகளும் தங்கள் ஊர்க் கழகத்தின் கணக்கை அந்த நிமிடமே பார்ப்பார்கள். முகநூல் நேரலை நடத்துகிறவர்கள் கணக்கைத் திரையின் மூலையில் போட்டால் இன்னும் நல்லது.

காந்தச் சுருள் என்று ஒரு முறை உண்டு. இருக்கைகளைச் சுற்றி ஒரு கம்பியை ஓட்டி, மைக்கின் ஒலியை அதில் செலுத்தினால், "டி" வசதி உள்ள காது மெஷினுக்குள் சனத்தின் இரைச்சல் இல்லாமல் நேராக வந்து விழும். நல்ல முறைதான். ஆனால் இப்போது வரும் சின்ன மெஷின்கள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. திறந்த மைதானத்துக்கு இதை முதலில் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக உள்ளரங்கு கட்டும்போது நிலம் பூச முன்னர் யோசியுங்கள்.

நான் பேசுவது என்னைப் போல வயது போய்க் காது மங்கியவர்களுக்காக. பிறவியிலேயே கேளாதவர்கள் வேறு. அவர்களுக்குச் சைகைதான் மொழி, எனக்கு அது தெரியாது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்லப் போனால், நீங்கள் எனக்குச் செய்ததையே நான் அவர்களுக்குச் செய்ததாகிவிடும். தொடக்க விழாவுக்கும் பரிசளிப்புக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மேடையில், விளக்கு விழும் இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது மட்டும் எனக்கும் தெரிகிறது. மற்றதை அவர்களையே குழுவுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் விளையாட்டுக்குப் புதியவர்கள் இல்லை. கேளாதோருக்கான உலக விளையாட்டு விழா 1924இல் பாரிஸில் தொடங்கிவிட்டது. அங்கே ஓட்டம் தொடங்க விளக்கு எரியும்.

இவ்வளவும் ஆட்டத்தின் சுவைக்கு. இனிச் சொல்வது உயிருக்கு.

2012 ஏப்ரல் 11, சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி. ஆலை பூட்டியிருந்தது. கடற்கரையில் பொடியன்மார் கரப்பந்து விளையாட நான் மணலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுமாத்திராவுக்கு அப்பால் கடலுக்கடியில் பூமி அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். வீதியால் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு அது வழக்கமான விளம்பர வாகனம். பந்து தனியாக மணலில் உருண்டு நிற்பதைக் கண்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பொடியன்மார் ஒருவரும் இல்லை. அதில் ஒருவன் பாதி வழியில் நின்று திரும்பி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். அன்றைக்குப் பெரிய அலை வரவில்லை. 2004ஐக் கண்ட ஊரில் அந்தச் சில நிமிடங்களுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு எழுதிக் காட்டத் தேவையில்லை.

எங்கள் மைதானங்களில் பல கடலுக்குப் பக்கம். கச்சான் காற்றுக் காலம் முடிந்து மாரி தொடங்கும்போது இடி மின்னலும் உண்டு. அவசரம் என்றால் சுழலும் சிவப்பு விளக்கு ஒன்று எரியட்டும். விளக்கு இல்லையென்றால் சிவப்புக் கொடி. "சிவப்புக் கொடி கண்டால் வாயிலுக்குப் போகவும்" என்று நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி. இதற்கு அனுசரணை தேடத் தேவையில்லை.

சட்டம் பேச எனக்கு விருப்பம் இல்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் போகக்கூடிய எந்த இடத்துக்கும் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவருக்குத் தடை இருக்கக்கூடாது என்கிறது. 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் உறுப்புரை விளையாட்டு அரங்குகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நடைமுறையில் சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளம் கட்டியதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். சாய்தளம் கட்டாயம் வேண்டும். அதில் ஏறி நான் உள்ளே போய்விடுவேன், போன பிறகுதானே பிரச்சினை.

அமெரிக்காவில் காது கேளாத மூன்று ரசிகர்கள் வாஷிங்டனின் தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் அணி மீது 2006இல் வழக்குப் போட்டார்கள். அரங்கின் ஒலிபெருக்கியில் சொல்வதெல்லாம் எழுத்தாக வர வேண்டும் என்பது கோரிக்கை. வழக்கு நடக்கும்போதே திரையில் எழுத்து வரத் தொடங்கிவிட்டது. கடைசியில் சண்டை பாட்டில் வந்து நின்றது. பாட்டு வரிகள் கூட வேண்டுமா என்று அணி வாதாட, 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் வேண்டும் என்றே சொன்னது. சனம் எல்லாம் சேர்ந்து பாடும்போது ஒருவர் மட்டும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது என்பதுதான் அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பயப்பட வேண்டாம், நான் வழக்குப் போட வரவில்லை. இங்கே வழக்குப் போட்டுத் தீர்ப்பு வருவதற்குள் எனக்குக் கண்ணும் மங்கிவிடும், பிறகு பலகையை வைத்து என்ன செய்வது?

இங்கிலாந்தில் நியூகாசில் அணி 2024 ஏப்ரலில் கேளாத ரசிகர்களுக்கு ஒரு மேற்சட்டை கொடுத்தது. சனத்தின் ஆரவாரத்தை அந்தச் சட்டை உடம்பில் அதிர்வாகக் காட்டும். செய்தியைப் படித்தபோது எனக்கு மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலம்தான் நினைவுக்கு வந்தது. நிலவு காலத்தில் வாவியில் மீன் பாடுவதைக் கேட்பவர்கள் என்ன செய்கிறார்கள்? துடுப்பைத் தண்ணீரில் நட்டு, மறு நுனியில் காதை வைக்கிறார்கள். காற்றால் வராத ஒலியை மரத்தால் வரவழைப்பது மீன்பாடும் தேன்நாட்டுக்குப் பழைய வித்தை. அதிரும் சட்டை எங்களுக்கு வேண்டாம், இந்த வெக்கையில் போடவும் முடியாது. பப்பரேக்காரரின் பெரிய மேளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு போட்டுத் தந்தால் நெஞ்சிலேயே அடிக்கும். காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அதில் இருக்க நான் தயார்.

அமெரிக்காவிலிருந்து வந்து இந்த மண்ணின் பிள்ளைகளை விளையாட வைத்த வெபர் அடிகளாரின் பெயரில் எங்களுக்கு ஒரு மைதானம் இருக்கிறது. முதல் பலகை அங்கே வந்தால் நல்லது என்பது என் ஆசை. கல்முனைக்காரர் முந்திக்கொண்டால் அதுவும் சந்தோஷம்தான். நிந்தவூரில் ஒரு கபடிச் சுற்றுப்போட்டியில் தொடங்கினால் இன்னும் சுலபம், களம் சின்னது, பலகையும் சின்னது.

கடைசியாக ஒன்று. முதல் பலகையை நானே செய்து தருகிறேன். ஆலையில் இருந்தபோது கொஞ்சம் தச்சு வேலையும் பழகியிருக்கிறேன். பிளைவூட்டும் பெயின்ற்றும் என் செலவு, ஏற்றிப் போக ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் உங்கள் செலவு. எந்தப் பக்கம் வைப்பது, எத்தனை அடி என்று சொல்லுங்கள். இந்த மடலைப் போட்ட மகளிடம் என் இலக்கம் இருக்கிறது. தயவுசெய்து அழைப்பு எடுக்க வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடியிலிருந்து
ஒரு பழைய இடது பின்வரிசைக்காரன்